உறை பிரிக்காத வண்டி

3 ஜூன் 2025, செவ்வாய்

"டீச்சர், பஸ்ஸு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் போகுமாம். ஸ்கூட்டரு அம்பது போகுமாம். அப்ப பஸ்ஸ எடைக்குப் போட்டுறலாமா?"

நான் வேலையில் இருந்த காலத்தில், ஏழாம் வகுப்பில் துர்காதேவி கேட்டது. வகுப்பே சிரித்தது. பஸ்ஸில் அறுபது பேர், ஸ்கூட்டரில் ஒருவர், நாலை அறுபதால் பெருக்கு என்றேன். இருநூற்று நாற்பது. "அப்ப ஸ்கூட்டரத்தான் போடணும்" என்றாள். அவள் அப்பா அந்த வாரம்தான் ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

இன்று அது ஞாபகம் வரக் காரணம் சவரியப்பன் அண்ணன். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பந்தல்குடிக்குத் திரும்பும்போது, "இந்த ஆம்னி வேன் லிட்டருக்கு எத்தனை குடுக்குது டீச்சரு?" என்றார். பன்னிரண்டு என்றேன். காலமெல்லாம் லாரி ஓட்டியவர், உதட்டைப் பிதுக்கினார்.

அவருக்கும் எங்கள் தெரு ஜக்கம்மாளுக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம்; வரும்போது கால் நிற்காது. ஆகவே என் ஆம்னி. அவர்கள் இருவர், அவர் மனைவி ஞானப்பூ, ஜக்கம்மாள் மகள் ராஜேஸ்வரி, துணிக்கடை வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், ஓட்டுகிற நான். பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் எண்பத்து நாலு. அண்ணனிடம் சொன்னேன். உதடு உள்ளே போனது.

8 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சென்னையிலிருந்து லாரன்ஸ் போன். "அம்மா, ஆம்னிக்குப் பதினஞ்சு வருஷம் தாண்டிருச்சு. சர்க்கார் திட்டத்துல அழிக்கக் குடுத்தா ஒரு சர்டிபிகேட் தருவாங்க. அதக் காட்டுனா புது வண்டிக்கு வரி குறையும், கம்பெனியும் தள்ளுபடி தரும். நாடே மாறுது, நீங்க மட்டும் புகை விட்டுக்கிட்டுத் திரியிறீங்க."

பின்னால் ஹாரன் சத்தம்; எந்த வண்டியிலிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். அவனுடைய பெரிய வண்டி. தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

ஆனாலும் யோசிக்கிறேன். வருடா வருடம் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நட வைத்தவள் நான். ஆம்னி புகை விடுவதும் உண்மைதானே.

14 ஜூன், சனி

டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி விற்பவர்கள் நடத்திய, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் முகாம். வாசலில் வாழைமரம், சீரியல் பல்பு. பழைய கார் ஒன்றுக்கு ரோஜா மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் போட்ட மாலையா, பிணத்துக்குப் போட்டதா, தெரியவில்லை.

எரிபொருள் நாட்டின் ரத்தம் என்று மேடையில் ஒருவர் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை வெளியே அவர் வண்டி, உள்ளே குளிர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காக, உறுமிக்கொண்டே நின்றது.

கவுண்டரில் கிருஷ்ணப்ரியா என்று பேர் குத்திய பிள்ளை. "இருவத்திரெண்டு மைலேஜ் மேடம்."

"எத்தனை பேர் ஏறினா?"

"அது கம்பெனி சொன்ன மைலேஜ் மேடம். ஆள் ஏத்திப் பாத்திருக்க மாட்டாங்க."

உண்மையைச் சொன்ன ஒரே ஆள். அவளுக்காகவே கையெழுத்துப் போட்டேன்.

21 ஜூன், சனி

ஆம்னியை அழிக்கும் இடம் எங்கேயோ தொலைவில் இருக்கிறதாம். எரிபொருள் மிச்சம் பிடிக்க, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போகிற லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துர்காதேவி பார்த்திருக்க வேண்டும்.

29 ஜூன், ஞாயிறு

புது வண்டி வந்தது. வெள்ளை. போதகர் ஜெபித்தார். ஞானப்பூ சிலுவை போட்டாள். ஜக்கம்மாள் விடாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ள முடியாது.

லோன் லாரன்ஸ் பேரில், ஆகவே வண்டியும் அவன் பேரில். என் வண்டி செத்து, அவனுக்கு ஒன்று பிறந்திருக்கிறது. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை. பிரிக்கப் போனேன். வண்டியை விட வந்திருந்த லாரன்ஸ் தடுத்தான். "விடுங்கம்மா, அப்பிடியே இருக்கட்டும். இன்னொண்ணு, பேஷண்ட இதுல ஏத்தாதீங்க. சீட்டு வீணாப்போயிரும். நீங்க சர்ச்சுக்குப் போங்க, கடைக்குப் போங்க."

ஜக்கம்மாள் எலுமிச்சம்பழ நசுங்கலைப் பொறுக்கிக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். காதில் விழுந்திருக்கும். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

1 ஜூலை, செவ்வாய்

நாலு பேரும் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார்கள். புது வண்டி வரும்வரை ஒரு வாரம் ஆட்டோவில் சமாளியுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இன்று என்ன சொல்வது? சொன்னேன். லாரன்ஸ் சொன்னதை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அதுக்கென்ன டீச்சரு" என்றாள் ஜக்கம்மாள். "புதுப் பொண்ணு. முக்காட்ட எடுக்கவா முடியும்?"

இரண்டு ஆட்டோவில் போனார்கள். புது வண்டி வாசலில் நின்றது. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. திட்டம் மாபெரும் வெற்றி.

4 ஜூலை, வெள்ளி

ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பஸ்ஸில் போயிருக்கிறார்கள். வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஜக்கம்மாள் தலைசுற்றி விழுந்தாள்.

8 ஜூலை, செவ்வாய்

ஜக்கம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "ஒரு தடவதானே, வெள்ளிக்கெழம போயிக்கிறேன்" என்கிறாளாம். ராஜேஸ்வரி சொல்லி அழுதாள்.

இருபத்திரண்டைப் பூஜ்யத்தால் பெருக்கினால் என்ன வரும், ஹெப்சிபா டீச்சர்? பலகையில் எழுதுங்கள் பார்ப்போம்.

10 ஜூலை, வியாழன்

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

காலையில் ராஜேஸ்வரி ஓடி வந்தாள். "அம்மாவுக்கு மூச்சு வாங்குது டீச்சர், மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்கு." ஆம்புலன்ஸ் வேறு ஊரிலிருந்து வரவேண்டும். வண்டியை எடுத்தேன். தூக்கி உட்கார வைத்தால் அந்த உறையில் வழுக்கி வழுக்கிக் கீழே சரிகிறாள். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சே. நான் உறையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்கிறது. ராஜேஸ்வரி பல்லால் கடித்துக் கிழித்தாள்.

ஜக்கம்மாளுக்குப் பேச்சே வரவில்லை. அப்போதும் — "கிழிக்காதீக... டீச்சரு... தம்பி வைவாக..."

சாகப்போற நேரத்துல இவ கவலை என் மகன் சீட்டப் பத்தி! அத அவ தலையில ஏத்துனது யாரு? அவன் மட்டுமா? வாசல்ல நின்னு பல்லக் கடிச்சவ யாரு?

பாதி வழி தாண்டும்போது இருக்கை நிறைய வாந்தி எடுத்தாள். எடுக்கட்டும். ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். "சீட்டு?" என்றாள். அடி போடி.

15 ஜூலை, செவ்வாய்

இன்று ஐந்து பேரும் புது வண்டியில் போய் வந்தோம். சவரியப்பன் அண்ணன் முன்னால் உட்கார்ந்து கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தார். கறை போகவில்லை. அதன்மேல் ஜக்கம்மாளே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டாள். "நம்ம வண்டியாயிருச்சு டீச்சரு."

இருபத்திரண்டை ஐந்தால் பெருக்கினால் நூற்றுப் பத்து. ஆம்னியை விட மேல். சர்க்கார் சொன்னது சரிதான், ஆள் ஏறினால். துணிக்கடைப் பெண்களுக்கு இடமில்லை, பஸ்ஸில் போகிறார்கள். துர்காதேவி கணக்குப்படி அவர்கள்தான் எங்கள் எல்லாரையும் விடச் சிக்கனம்.

வீட்டுக்கு வந்து லாரன்ஸுக்கு நானே போன் போட்டேன். சீட்டில் கறை என்றேன், எப்படி வந்தது என்பதையும் சொன்னேன்.

"அந்தம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?"

"இருக்கா. நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லருந்து வந்துக்கிட்டிருக்கேம்மா. டிராஃபிக்."

"வண்டியில எத்தனை பேரு?"

திட்டவில்லை நான். வகுப்பில் சொல்வதுபோலத்தான் சொன்னேன், இதைப் படிக்கிற உனக்கும் அதேதான்: நாளைக்கு வண்டியைக் கிளப்பும் முன்னால் ஒரு தடவை பின்னால் திரும்பி, காலி இருக்கைகளை வாய்விட்டு எண்ணு.