பிள்ளை பிடிக்கிற வேலை

மே 20, செவ்வாய்.

ஆள் சேர்க்காத ஆசிரியருக்கு அடுத்த வருடம் வேலை கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். அதனால் கல்லூரிக்குப் பிள்ளை பிடிக்க இன்றும் புதூர்ப் பக்கம் அலைந்தேன். ஒரு வீட்டில், பிளஸ் டூ முடித்த பெண் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிசிக்ஸ் இல்லையா சார்?" என்றாள்.

என் பாடம். இந்தக் கோடையில் அதைக் கேட்ட ஒரே பிள்ளை. சேர ஆளில்லை என்று போன வருடம்தான் அந்தத் துறையை மூடினார்கள். அதிலிருந்து எனக்கு வகுப்பே கிடையாது.

"இல்லம்மா. கம்ப்யூட்டர் எடுத்துக்கோ, வேலை கிடைக்கும்." சொல்லும்போதே எரிச்சலாக வந்தது.

ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்தார். "சாரு அங்கன என்ன பாடம் நடத்துதீங்க?"

கம்ப்யூட்டர் என்று பொய் சொன்னேன். பிள்ளை பிடிக்கிறேன் என்றா சொல்ல முடியும்?