மூடிப் பழக்கம்

மார்ச் 3, திங்கள்

பருவத் தேர்வுக்கான ஆங்கில வினாத்தாளை முடித்துத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

மனைவி வேலை பார்க்கும் பெயிண்ட் ஆலையில் சனிக்கிழமை அவளுடைய பரிசோதனைக்கூட மேசை தீப்பிடித்துக் கருகியது. யாருக்கும் காயமில்லை. எரிவாயு வால்வை யார் திறந்தபடி விட்டுப் போனார்கள் என்று இன்று விசாரித்தார்களாம். "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வந்தேன்," என்றாள்.

மார்ச் 6, வியாழன்

அவளைப் பணியிடைநீக்கம் செய்திருக்கிறார்கள். தவற்றை அவளே ஒப்புக்கொண்டாளாம்.

"நான் எதைங்க ஒப்புக்கிட்டேன்? வால்வை மூடிட்டுத்தான் கிளம்புறது, அதான் என் பழக்கம்னு சொன்னேன்."

அவள் தமிழில் சொன்னதைத் தலைமை அலுவலகத்துக்காக மனிதவள அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்: 'ஐ யூஸ்டு டு க்ளோஸ் த வால்வ்.' முன்பெல்லாம் மூடுவேன் என்று பொருள். இப்போது மூடுவதில்லை என்றே படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொண்டார்கள். அவள் சொன்னதற்கு ஆங்கிலம் 'ஐ ஆம் யூஸ்டு டு க்ளோசிங்', மூடுவதே என் பழக்கம். அங்கே 'டு' முன்னிடைச்சொல், அதாவது ப்ரிபொசிஷன். அதன் பின் தொழிற்பெயர்தான் வரவேண்டும். 'வித்தவுட்', 'ஆஃப்டர்', 'இன்ஸ்டெட் ஆஃப்' எல்லாவற்றுக்கும் அதே விதி. முதலாண்டு வகுப்பில் வருடந்தோறும் நடத்துகிறேன். கொட்டாவி விடுவார்கள்.

மார்ச் 7, வெள்ளி

அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினேன்.

"ஒரு ஐ-என்-ஜி தானே சார். இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?"

"அந்த மூன்று எழுத்தில்தான் என் மனைவியின் வேலை இருக்கிறது."

"நீங்க வாத்தியாரு. பேப்பரைக் கண்டாலே சிவப்புப் பேனாவத் தேடுவீங்க," என்று சிரித்தார்.

நான் குரலை உயர்த்தவில்லை. அவர் சிரித்ததை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவ சாப்பிடவே இல்ல. நான் என்னத்தப் பாடம் நடத்தி என்ன?

மார்ச் 12, புதன்

விசாரணை. உடன் ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி, நான் போனேன். நீள மேசை, ஓடாத கடிகாரம். பொது மேலாளர் காபியோடு உட்கார்ந்திருந்தார். அருகில் நம் அதிகாரி, மடிக்கணினியுடன்.

"எழுதினதுல தப்பே இல்ல சார். தலைமை அலுவலகம் முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன செய்ய?" என்றார் மேலாளர்.

"ஒரு கேள்வி மட்டும். நீங்கள் காபி குடிப்பதுண்டா? ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்."

அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "ஆஃப் கோர்ஸ். ஐ யூஸ்டு டு ட்ரிங்க் காபி டெய்லி."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன். "பதிவு செய்துகொள்ளுங்கள். பொது மேலாளர் காபியை விட்டுவிட்டார். அதே தலைமை அலுவலகத்துக்கு, அதே வாக்கியத்தை அனுப்புங்கள். எப்போது விட்டார் என்று அவர்கள் கேட்பார்கள்."

அதிகாரியின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றது. மேலாளர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "இப்படித்தானேப்பா நாம எல்லாரும் பேசுறோம்," என்று அதிகாரியிடம் முணுமுணுத்தார்.

"பேசுங்கள். அதை ஒருத்தியின் வாக்குமூலமாக எழுதாதீர்கள்," என்றேன்.

படியிறங்கும்போது மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

பணியிடைநீக்க உத்தரவு ரத்து. மறுபடி விசாரித்ததில், அவளுக்குப் பின் மாலை ஷிஃப்ட் ஆள் அதே மேசையின் எரிவாயு அடுப்பைப் பயன்படுத்தியது தெரிந்ததாம். ஒப்புதல் கையில் இருந்ததால் அவனை யாரும் கேட்கவே இல்லையாம். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. கடிதத்தின் கடைசி வரி: 'வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கம் யூ.' அங்கேயும் 'டு' முன்னிடைச்சொல், 'வெல்கமிங்' என்று வரவேண்டும். பேனாவை எடுத்தேன்.

"ஏங்க, திருத்தித் திருப்பி அனுப்பிடாதீங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

பேனாவை மூடினேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஒரு தடவ வந்து பாத்துடுங்களேன். மூடிட்டேன்ல?"

பார்த்தேன். மூடியிருந்தது.

நேற்றும் கூப்பிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு முன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இது அவளுக்குப் பழகிவிடக் கூடாது.