சிவப்பு அழிந்த போல்ட்

கோபக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. அதற்கு முன்னால் கார் சாவியை எடுத்து உன் மனைவி கையில் கொடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன் செய்தால் கட் பண்ணுகிறாய். அந்த ஸ்டீயரிங் போல்ட்டை மாட்டாதே என்று செய்தி அனுப்பினால், உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும்க்கா என்று பதில் போட்டுவிட்டு என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாய். உன் மனைவியிடம் சொன்னேன். அவள் உன்னைக் கேட்டிருக்கிறாள். அக்கா சும்மா பயமுறுத்துறா, கண்டுக்காதே என்று சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம், மலைப்பாதையில் மேலே போய்க் கீழே இறங்குவது, குழந்தையும் வருகிறாள் என்று அவள்தான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு நீ பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது உனக்காகச் செய்த போல்ட் இல்லையடா. அது ஒத்திகை ஜோடி.

நம் பட்டறை வழக்கத்தை நீ மறந்திருப்பாய். அப்பா இருந்தபோதே நீ கார் பக்கம்தான் திரிவாய், லேத் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டாய். அந்தக் காலத்துக் காருக்கு உள்ள திருகு மரை வேறு. இப்போது கடையில் விற்கும் எந்த போல்ட்டும் அதில் இரண்டு சுற்று ஏறும், பிறகு அடம் பிடிக்கும். பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்து கால் தேய்ந்த பிறகுதானே துருப்பிடித்து உடைந்த பழைய போல்ட் துண்டுகளை என்னிடம் கொண்டுவந்தாய்? அப்படிப்பட்ட வேலைக்கு முதலில் சாதாரண எம்.எஸ். கம்பியில், அதாவது மெத்தென்ற இரும்பில், ஒரு ஜோடி கடைந்து, மரை சேருகிறதா என்று மட்டும் பார்ப்போம். சேர்ந்தால்தான் நல்ல ஸ்டீலில் கடைந்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றிக் கெட்டிப்படுத்துவோம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் ஒத்திகை ஜோடியின் தலையில் என் நகப்பூச்சைத் தடவி வைப்பேன். சிவப்பு இருந்தால் வண்டியில் ஏறக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

நீ வந்தபோது நல்ல ஜோடி எண்ணெய் டின்னுக்குள் கிடந்தது. இன்னும் வேலை இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றேன். எப்ப வந்தாலும் பொறு பொறுங்கிறே, அப்பா காரை எனக்குக் குடுத்ததுல உனக்கு இன்னும் ஆறலை என்று கத்தினாய். நானும் சும்மா இருந்தேனா? துடைக்க மட்டும் தெரிஞ்சவனுக்குக் கார் எதுக்குடா என்று கேட்டுவிட்டேன். ஜன்னல் ஓரத்தில் இருந்ததை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாய். தெருவரை ஓடிவந்து கத்தினேன். இன்னும் சண்டைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்து டாக்சிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாய்.

சரி, தலையில் சிவப்பைப் பார்த்தால் புரிந்துகொள்வான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் உன் மனைவி அம்மாவுக்கு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒன்றில் குழந்தை ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். இன்னொன்றில் முன் சக்கரத்துக்குப் பின்னால் என் இரண்டு போல்ட்டும் மாட்டியிருக்கின்றன. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. சிவப்பு ஒரு துளி இல்லை. அடப் பாவி, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டாயே! உனக்குப் 'பாலிஷ்' என்று சும்மாவா பேர் வைத்தோம்? புதுச் செருப்பின் அடிப்பக்கத்தைக்கூடத் துடைத்தவன் ஆயிற்றே நீ. அம்மா படத்தைக் காட்டிப் பெருமைப்பட்டாள். அவளிடம் நான் மூச்சு விடவில்லை, ஏற்கெனவே தலைச்சுற்றல் என்று படுத்துப் படுத்து எழுந்திருக்கிறாள்.

தெருவில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தானே போகிறது என்பாய். போகும். சமதரையில் அதுவும் தாங்கும். இறக்கத்தில், வளைவில், சக்கரம் ஒரு பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங்கை ஒடிப்பாய் பார், அப்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். நீ திருப்புவாய், சக்கரம் திரும்பாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பொட்டலத்தைப் பிரி. மூன்று போல்ட் இருக்கும். கொக்கி மாதிரி வளைந்திருப்பது, நீ மாட்டியிருக்கும் அதே கம்பியில் நேற்று கடைந்தது. வைஸ் இடுக்கியில் கவ்வி, குழாயைக் கோத்து, நான் ஒருத்தியே சாய்த்தேன். நல்ல ஸ்டீலிலும் ஒன்று கடைந்து, பதம் ஏற்றி, அதே குழாயைக் கோத்து உன் மாமாவும் நானும், புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து தொங்கினோம். குழாய்தான் வளைந்தது, போல்ட் அசையவில்லை. அன்றைக்கு எண்ணெய் டின்னில் கிடந்த அதன் கூடப் பிறந்தவைதான் நேராக இருக்கும் மற்ற இரண்டும். இன்னும் சந்தேகம் என்றால் அரத்தை எடுத்து உன் பளபளப்பின் மேல் ஒரு இழுப்பு இழு, புதியதன் மேல் ஒரு இழுப்பு இழு. ஒன்றைக் கடிக்கும், மற்றதில் வழுக்கும்; அரமே பதில் சொல்லும்.

வயிற்றெரிச்சல் என்றாயே, அதையும் பேசிவிடுகிறேன். ஆமாம், இருந்தது. அப்பா பட்டறையை எனக்கும் காரை உனக்கும் கொடுத்தபோது எனக்கு வலித்தது. அந்தக் காரின் பின் சீட்டில் தூங்கி வளர்ந்தவள்தானே நானும்? அதற்காக உன் குழந்தை ஏறும் வண்டிக்கு நான் குறுக்கே நிற்பேன் என்று எப்படியடா உனக்கு நினைக்கத் தோன்றியது? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்திருக்கும் உன் மாமாவின் வாயைத் திறக்க நெம்புகோல்தான் வேண்டும். உன் வீட்டு வாசலில் ஓரமாக உட்கார்ந்திருப்பார், ஸ்பானரும் பையில் இருக்கும். நீ கேட்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். அவன் மாத்தலைன்னா ஞாயித்துக்கிழமை நானும் அந்த வண்டியில ஏறி உக்காந்துக்கிறேன், என்னையும் வச்சு ஓட்டட்டும் என்றார். வேண்டாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். உன் மகள் சிரித்த படம் கண்ணில் வந்து நின்றது. சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் சொன்னதைச் செய்கிற மனிதர், உனக்கே தெரியும்.

சண்டையை நீ அப்படியே வைத்துக்கொள். ஆயுள் முழுக்க என்னோடு பேசாமல் இரு. அதற்கு நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. பதில் கடிதம் வேண்டாம், போனும் வேண்டாம். கழற்றிய அந்த இரண்டு போல்ட்டையும் மாமாவின் சட்டைப் பையில் போட்டு, அவரை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு.

நீ, உன் மனைவி, என் செல்லம் மூவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா