பிரிண்டரில் கிடந்த வீடு

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அச்சடிக்க இன்று காலை நகரத்துக் கடையொன்றில் நின்றேன். சூடு ஆறாத தாள் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்கள். டோனர் மையின் மணம் மூக்கில் ஏறியதும் வெட்கம் வந்துவிட்டது. துக்கத்துக்கு நின்ற இடத்தில் வெட்கம் வருவது அழகில்லைதான். ஆனால் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

சுனாமிக்கு அடுத்த வருடம் நாம் இருவரும் வேலை செய்த வாவிக்கரை நிவாரண அலுவலகத்தில், அத்தனை கணினிகளுக்கும் ஒரே இணைய லைன். மத்தியானமானால் கொழும்புக்கு ஒரு மின்னஞ்சல்கூடப் போகாது. "இஞ்ச ஆர் லைனைத் தின்னுறது?" என்று மேலாளர் கத்துவார். கணினியும் பிரிண்டரும் உன் பொறுப்பு என்பதால் திட்டும் உனக்குத்தான். ஒருநாள் இணையக் கம்பிகள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாய். என்னுடையதைக் கழற்றியதும் லைன் ஓடத் தொடங்கியது.

என் மேசைக்கு வந்தாய். திரையில் வாகரைக் கடற்கரை, வானத்திலிருந்து எடுத்த படம், பாதி இறங்கி நின்றது. கடல் வருமுன் எடுத்தது. அதில் நகத்தளவு ஒரு கூரை.

"இதென்ன மச்சான்?"

"எங்கட வீடு. அம்மா உள்ளுக்குத்தான் இருப்பா."

நீ நேராக மேலாளரிடம் போய், "கம்பிய எலி கடிச்சிருக்கு சேர்" என்றாய். அந்த மனிதர் மறுநாளே எலிப்பொறி வாங்கிவந்தார். அதில் கருவாட்டை வைத்ததும் நீதான்.

அத்தோடு நான் அடங்கியிருக்கலாம். படத்தைத் தாளில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அச்சுக்கு அனுப்பினேன். பாரம் தாங்காமல் பிரிண்டர் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வாகரை முகாமின் நிவாரணப் பட்டியல் காத்துக் கிடந்தது, லொறி வாசலில் நின்றது. இருக்கிற சனத்தின் அரிசியை இல்லாத வீட்டுக்காக மறித்து வைத்திருந்தேன். நீ என் படத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டுப் பட்டியலை ஓடவிட்டாய். பிறகு நான் கேட்காமலே படத்தைச் சிறிதாக்கி அச்சடித்தாய்.

"உன்ர தாள் அங்க கிடக்கு. கவிட்டு வெச்சிருக்கன், போய் எடு."

பிரிண்டருக்குப் பக்கத்தில் கணக்குப் பிரிவு அக்கா நின்றார். கல்லடியில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பேசாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். அவர் முன்னால் போய் ஒரு கூரையின் படத்தை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் போனார். போகும்போது கவிழ்ந்து கிடந்த தாளையும் ஒருபக்கம் வெறுமையான தாள்களோடு சேர்த்துப் பிரிண்டர் தட்டில் போட்டுவிட்டுப் போனார். தாள் தட்டுப்பாட்டில் அதுதானே நம் வழக்கம். நான் எழும்புமுன் இன்னொரு பட்டியல் ஓடத் தொடங்கிவிட்டது. அம்மாவின் கூரைக்குப் பின்பக்கத்தில் யார் யாருக்கோ பருப்பும் சீனியும் விழுந்து, லொறியில் வாகரைக்கே போய்விட்டது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பின்னேரம் வந்து, "எடுத்தியா மச்சான்?" என்றாய்.

"ஓம்" என்றேன்.

உன் முகம் மலர்ந்தது. "சட்டம் போட்டு மாட்டு" என்றாய்.

இன்னொன்று அடித்துத் தா என்று கேட்டிருக்கலாம். சொன்ன பொய்யை எப்படி விழுங்குவது என்று நாளை, நாளை எனத் தள்ளினேன். பிறகு வாகரைப் பக்கம் சண்டை வந்தது. அலுவலகமும் மூடிப்போனது.

சண்டை முடிந்த வருடம், சித்தாண்டியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தாய். தேத்தண்ணி குடித்துக்கொண்டே எலிப்பொறிக் கதை சொல்லி என் மனைவியைச் சிரிக்கவைத்தாய். இடையிடையே உன் கண் சுவர்களில் ஓடியது. சாமிப் படமும் கலண்டரும்தான் இருந்தன. நீ கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறும்போதுதான் சொன்னாய்.

"இன்டர்நெட்டில அந்தப் படத்த மாத்திப்போட்டானுகள் மச்சான். உனக்கு இன்னொண்டு அடிச்சித் தருவமெண்டு போய்ப் பாத்தன். வெறும் மணல்தான் கிடக்கு."

அன்று அந்தப் பட்டியலை லொறிக்கு அடுக்கிக் கொடுத்தது நீதானே. அப்படியென்றால், நான் ஓம் என்று சொன்ன அந்தப் பின்னேரமே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முகம் மலர்ந்து நின்றாய், நான் வெட்கப்படக்கூடாது என்று.

இப்போது யார் எனக்கு எதைத் தந்தாலும், எத்தனைபேர் பார்த்துக்கொண்டு நின்றாலும், எழும்பிப் போய்க் கைநீட்டி வாங்குகிறேன். நீ தந்ததை மட்டும்தான் வாங்கவில்லை.