அம்மாவின் உலகப் படத்தில் நான் செய்த திருத்தம்

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் சுகம்; நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று எழுதினால்தான் எனக்கு நிம்மதி. உடம்பைப் பொறுத்தவரை என்று எழுதக் காரணம் உண்டு. வீட்டிலிருந்து பேசினால் அம்மாவின் காதில் விழும் என்பதால், அலுவலகத்தில் மதிய இடைவேளையில் இந்த மின்னஞ்சலைத் தட்டுகிறேன்.

மாலைக் கல்லூரியில் உலக வரலாறு படிக்க அம்மாவுக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். வகுப்புக்கு முன் ஒரு தயாரிப்பு உண்டு என்பது தெரிந்திருக்காது. மனிதர் முதலில் எங்கே தோன்றினர், எந்த மலையைச் சுற்றி, எந்த ஆற்றோரமாக நடந்து உலகமெங்கும் பரவினர் என்பதை ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு பெரிய படமாக வரைந்து கொடுக்க வேண்டும். படம் ஏற்கப்பட்டால்தான் வகுப்பில் உட்காரலாம். "நிலம் தெரியாம வரலாறு படிச்சா, ஊர் பேரே கேக்காம பஸ் ஏறுற மாதிரி" என்பது ஆசிரியையின் கட்சி. அம்மா சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதும் தெரியாமல் மலைக்குப் பழுப்பு, பாலைக்கு மஞ்சள், மனிதர் போன வழிக்குச் சிவப்பு அம்பு என்று தீட்டினாள். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியவர்களைப் பற்றி, ஏதோ பக்கத்து வீட்டார் வீடு மாற்றிப் போனதைப்போல, "பாவம், புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு எவ்ளோ தூரம்ங்க!" என்பாள். அவள் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

கொடுக்க வேண்டிய நாளன்று அவள் குளிக்கப் போனபோது படத்தைப் பிரித்துப் பார்த்தேன். நில அளவை அலுவலகத்தில் பிறர் வரைந்த படங்களைச் சரிபார்ப்பதே என் வேலை, கண் சும்மா இருக்குமா? ஆசியாவின் வடகிழக்கு முனைக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே, கடல் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிலம் தீட்டி, அதன்மேல் அம்பையும் ஓட்டியிருந்தாள். நாலு பேர் முன்னால் அவமானப்படுவாளே என்று பதறி, பிளேடால் பச்சையைச் சுரண்டி, நீலம் பூசி, இன்றைய கரையை மையால் துல்லியமாக வரைந்து, அலுவலகப் பழக்கத்தில் ஓரத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பமும் இட்டுவிட்டேன். பிறகு சொல்லி மகிழ்விக்கலாம் என்றிருந்தேன். அவளும் பிரித்துப் பார்க்காமலே எடுத்துப் போனாள்.

எல்லார் முன்னிலையிலும் படம் விரிக்கப்பட்டிருக்கிறது. "இவங்கல்லாம் நீச்சலடிச்சா போனாங்க?" என்று ஆசிரியை கேட்க, ஒரே சிரிப்பாம். பனியுகத்தில் நீரெல்லாம் உறைந்து கடல் தாழ்ந்திருந்ததால் அந்த இடம் அப்போது தரை. அம்மா வரைந்ததே சரி. இதை நான் பிறகுதான் அவள் புத்தகத்தில் படித்தேன். என் ஒப்பத்தைக் கண்டதும் அந்த அம்மையார், "வேற ஒருத்தர் கை பட்ட படத்த எடுத்துக்க முடியாதும்மா, அடுத்த வெள்ளிக்கிழம நீங்களே புதுசா வரைஞ்சு கொண்டாங்க, அதான் கடைசி" என்று திருப்பித் தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் நான் கல்லூரிக்குப் போய், பிழை முழுவதும் என்னுடையதே என்று விளக்கினேன். "அதத்தானே சார் நானும் சொல்றேன்" என்றார் ஆசிரியை. அது நியாயமான விதி; அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன், ஆகவே வணக்கம் சொல்லித் திரும்பிவிட்டேன். உன் மாமா வேறு தொலைபேசியில், "அத்தான், ஒரு பிளேட வெச்சு ஒரு ஜனக்கூட்டத்தையே கடல்ல தள்ளிட்டீங்களே!" என்று கேலி செய்கிறார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்; தலையை மட்டும் ஆட்டினாள். வரைதாள் வாங்கி வந்தேன். அதைத் தொடாமல், தானே கடைக்குப் போய் வேறு வாங்கி வந்தாள்.

நேற்றுக் காலைதான் வாய் திறந்தாள்: "வெள்ளிக்கிழம வரைக்கும் மேசப் பக்கம் வராதீங்க." சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறேன். தண்ணீர் எடுக்கப் போகையில், பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தேன்; புதுப் படம் கண்ணில் பட்டுவிட்டது. மத்தியதரைக் கடலில் சேர வேண்டிய நைல் ஆற்றைச் செங்கடலில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். முதல் படத்தில் சரியாகத்தான் வரைந்திருந்தாள், அவசரமோ, மனக்கலக்கமோ. அந்தக் காலத்தில் ஆறும் வேறு வழியாக ஓடியிருக்குமோ என்று அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் அவள் புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒன்றும் இல்லை. இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. சொன்னால் இந்தப் படமும் என் கை பட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் மறுபடியும் அதே வகுப்பில் அவள் தலைகுனிந்து நிற்க நேரலாம். அலுவலகத்தில் எதற்கும் ஒரு விதி உண்டு, இதற்கு எங்கே போய்த் தேடுவது? பிழை திருத்துவதைத் தவிர வேறு விதமாக ஒருவருக்கு உதவ எனக்குத் தெரியவில்லை, மகளே.

நீயும் வேலை செய்யுமிடத்தில் கேட்காமல் யார் காரியத்திலும் கை வைக்காதே. குளிர் காலம் முடியும்வரை காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு இருக்கும், எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும். மறவாமல் வியாழக்கிழமைக்குள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. நான் எழுதியதைச் சொல்லாதே, நைலைப் பற்றி மூச்சு விடாதே. அவளாகவே படத்தைத் தொலைபேசியில் காட்டி, எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை.

அன்புடன்,
உன் அப்பா