மீசைக்குப் போட்ட ஊசி

திங்கட்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். நானும் வாலுவும் உயிரோடு இருக்கிறோம். உன் அம்மாவின் இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டதா, இல்லை, நீ பக்கத்தில் இருக்கிற சுகத்தில் சேர மாட்டேன் என்கிறதா? நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. எட்டு வயதில் வாலு என்று உனக்கு ஒரு மகள் இருப்பது நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

கிளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வெயில் ஏறியதும் ஊரிலுள்ள நாய்களெல்லாம் சொறிய ஆரம்பித்துவிட்டன. ஒரு மெக்கானிக், தன் நாயின் சொறிக்கு வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைப் பூசிக் கூட்டிவந்தார். தோல் வெந்து கிடந்தது. "இது நாயா, லாரியா?" என்று கேட்டேன். அவர் மனைவிக்கு எதிரிலேயே கேட்டதால் மனிதர் சுருங்கிப்போனார். மறுநாள் வந்த ஒரு அம்மாளின் நாய்க்கு வாலடியில் முடியே இல்லை. தெள்ளுப்பூச்சி என்றேன். "எங்க வீட்டுல பூச்சியெல்லாம் கிடையாது டாக்டர்" என்று அந்த அம்மாள் சிலிர்த்துக்கொண்டார். சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வைத்துக் காட்டினேன். பஞ்சு சிவந்தது. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். நீ லேப் டெஸ்ட் பார்க்கும் மேஜைக்கு மேலே, சுவரில் உன் குண்டுக் கையெழுத்தில் எழுதி ஒட்டிய அட்டை அப்படியே இருக்கிறது: 'பரிசோதனை முடிவு வரும்முன் மருந்து கேட்காதீர்கள்.' அதையும் மீறிக் கேட்கிறவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். புதுக் கடிகாரப் பட்டை ஒத்துக்கொள்ளாமல் இடது மணிக்கட்டில் தடித்து அரிப்பு எடுத்தது. உன் அலமாரியில் இருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவினேன், அடங்கிவிட்டது. வாலுதான் தொல்லை. நீ போனதிலிருந்து தனியாகப் படுக்கப் பயம். அந்தக் கையைத் தலையணையாக்கிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

போன வாரம் அவள் பின்கழுத்தில் வட்டமாக ஒரு தடிப்பு. படர்தாமரை. தோல் டாக்டர் பார்த்துவிட்டு நாலு வாரத்துக்குக் களிம்பு கொடுத்திருக்கிறார். எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீயும் அவளும் சாக்கடை ஓரத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தீர்களே, அந்தப் பூனைதான். பொட்டைப் பூனைக்கு 'மீசை' என்று பெயர் வைத்த அன்றே சொன்னேன், இது வீட்டுக்கு ஆகாது என்று. பத்து நாளாகக் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. காதோரம் முடி கொட்டி, உள்ளே காபித்தூள் மாதிரி கறுப்பாக அழுக்கு. மதியம் ஜன்னலை மூடிவிட்டு, பூஞ்சை பிடித்த முடியை ஒளிரவைக்கும் அந்த ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். காது இரண்டும் மினுங்கின. அவ்வளவுதான்.

வைத்தியம் பார்த்திருக்கலாமே என்பாய். மருந்தும் குளியலுமாக எட்டு வாரம். வாரத்துக்கு இரண்டு தடவை குளிப்பாட்டி, வீடு முழுக்கத் துடைத்து, துணியெல்லாம் தனியாகத் துவைக்க இங்கே யார் இருக்கிறார்கள்? நீ இருந்திருந்தால் அது வேறு கதை. நேற்று ஊசி போட்டுவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வலியும் கிடையாது. இதையெல்லாம் நீ வந்து தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
வீட்டையும் கிளினிக்கையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கும்
உன் கணவன்


வியாழக்கிழமை

மனைவிக்கு,

உன் தம்பி வந்து வாலுவை அழைத்துக்கொண்டு போனான். வாசலிலேயே நின்றான், ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடப் பையை அவனே எடுத்துக்கொண்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் படி இறங்கினாள். உன் வளர்ப்பு.

கூடவே அவன் கொண்டுவந்த உன் கடிதத்தைப் படித்தேன். நான்கு பக்கம்! தாலி கட்டியதிலிருந்து நீ எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை, ஒரு பூனை செத்ததற்கு எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஆமாம், வாலு உன்னிடம் போனில் சொன்னது சரிதான், மீசையை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யார் பிடிப்பது? அவள் மடியில் மட்டும்தான் அந்தப் பூனை அடங்கி இருக்கும். நான் போனாலே முதுகைத் தூக்கிச் சீறும். "மீசைக்கு ஊசி போட்டா சரியாயிடுமாப்பா?" என்று கேட்டாள், சரியாகிவிடும் என்றேன். ஒரு குழந்தையிடம் வேறென்ன சொல்வது? பிறகு அது எழுந்திருக்கவில்லை என்று கத்திக்கொண்டே இருந்தாள். "நீ அதைக் கட்டிக்கிட்டுத் தூங்கினதுனாலதான் இதெல்லாம்" என்று ஒரு அதட்டல் போட்டேன். உடனே நிறுத்திவிட்டாள். உண்மையைத்தானே சொன்னேன். இனிமேல் கண்டதைத் தூக்கிக் கொஞ்ச மாட்டாள்.

பூனை காதைச் சொறிகிறதே என்று வாலு என் டிராயரில் இருந்த ஏதோ களிம்பை எடுத்து அதன் காதில் தடவி டாக்டர் விளையாட்டு விளையாடினாளாம். நான் பார்த்தது அந்தக் களிம்பின் மினுக்கமாம். படர்தாமரை என்றால் முடியின் தண்டு ஆப்பிள் பச்சையில் ஒளிருமாம், களிம்பு வெளுப்பாகத் தெரியுமாம். காதுக்குள் காபித்தூள் போல இருந்தால் அது காதுப்பூச்சியாம், நாலு சொட்டு மருந்தில் போய்விடுமாம். எனக்குப் பாடம் எடுக்கிறாய்! நீ மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த விளக்கைப் பிடிக்கிறவன் நான்.

உன் வாயை அடைக்க ஒரு வழி இருக்கிறது. ஊசிக்கு முன்னால், பழக்கதோஷத்தில், மீசையின் உடம்பு முழுக்கப் புது டூத்பிரஷ்ஷால் வாரி, அதைப் பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டில் குத்தி வைத்திருக்கிறேன். இருபத்தொரு நாள். படர்தாமரை இருந்தால் மஞ்சள் தட்டு சிவந்து, மேலே வெள்ளையாகப் பஞ்சு பூக்கும். சிவந்த அன்றே படம் எடுத்து அனுப்புகிறேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறாய் என்று பார்க்கலாம்.

மகளை உடனே அனுப்பி வை. பள்ளிக்கூடம் கெடுகிறது.

உன் கணவன்


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ளவளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. முழுதாகப் படி. பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

இருபத்தொரு நாள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மீசையின் தட்டு வைத்தது வைத்தபடி மஞ்சளாகவே இருக்கிறது. பூஞ்சையின் பொட்டுகூட இல்லை. தட்டு கெட்டுப்போயிருக்கும், மூடியை யாராவது திறந்திருப்பார்கள், டூத்பிரஷ்ஷைச் சரியாகக் குத்தியிருக்க மாட்டேன் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் அதையும் நிறுத்திவிட்டேன்.

அன்று காலை கிளினிக்கில் கையைக் கழுவுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றினேன். பட்டைக்கு அடியில் அந்தத் தடிப்பு மறுபடி தலைகாட்டியிருந்தது. இந்தத் தடவை ஓரம் எடுத்து, வட்டமாக. உனக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஜன்னலை மூட வேண்டியிருந்தது. விளக்கை என் கைமேல் பிடித்தேன். மணிக்கட்டில் இருந்த முடியெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. நீ எழுதிய அதே பச்சை. அந்த முடியைப் பிடுங்கித் தட்டில் வைத்தேன், ஐந்தாம் நாளே சிவந்துவிட்டது. படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? உள்ளே வைத்திருக்கிறேன், பார்.

அந்த மாதம் நான் தொட்ட எத்தனையோ நாய் பூனைகளில் ஏதோ ஒன்றிடமிருந்து எனக்கு ஒட்டியிருக்கிறது. பட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டி, ஸ்டீராய்டைத் தடவி, மேலுக்கு அடங்கவிட்டு, உள்ளே வளரவிட்டிருக்கிறேன். இதையே வேறொருவர் செய்துவிட்டு வந்திருந்தால் அவரை எப்படி நாறடித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். அந்த மெக்கானிக்கை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் எண்ணெய் பூசியது நாய் பிழைக்க வேண்டும் என்றுதான். வாலு இரண்டு மாதமாகக் கழுத்தை வைத்துத் தூங்கியது இந்தக் கைமேல்தான். ஊசி போடும்போது மீசையின் காலை அழுத்திப் பிடித்ததும் இதே கைதான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. படர்தாமரையாகவே இருந்திருந்தாலும் அது சாகிற நோயா? அந்த வாரம் மட்டும் மூன்று பேரின் பூனைகளுக்கு அதே நோய்க்கு மருந்து எழுதிக்கொடுத்து, பயப்படாதீர்கள் என்று அனுப்பியிருக்கிறேன். மீசை தினமும் சாயங்காலம் வாசலில் போய் உட்கார்ந்து உன்னை எதிர்பார்க்கும். உன் நாற்காலியில் என்னை உட்காரவிடாது. அதைப் பார்க்கப் பார்க்க உன்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தை அதன் காலில் ஏற்றிவிட்டேன். அதை என் மகளையே பிடித்துக்கொள்ளவும் வைத்தேன்.

நேற்று உன் தம்பி போன் செய்தான். வாலு யாருக்கும் கழுத்தைக் காட்டுவதில்லையாம், இந்த வெயிலிலும் துண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாளாம், சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டதாம். ஏன் என்று நீ கேட்டதற்கு அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்: "மீசைக்கு வந்ததுதானே எனக்கும் வந்திருக்கு. போகலைன்னா அப்பா எனக்கும் ஊசி போட்டுருவார்." போனை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கிளினிக் கதவைத் திறக்கவில்லை. வெளியே நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

அவளை அனுப்பி வை என்று இனி கேட்க மாட்டேன். நீயும் எப்போது வருவாய் என்று கேட்கப்போவதில்லை. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு சொல். மீசைக்கு எந்த நோயும் இல்லை. காதில் பூச்சி இருந்தது, அவ்வளவுதான். அது அவளால் சாகவில்லை. அதற்கு மருந்து தடவிய ஒரே ஆள் அவள்தான். நோய் அப்பாவின் கையில் இருந்தது, அங்கிருந்துதான் அவள் கழுத்துக்கு வந்தது.

அவள் களிம்பைப் பாதியில் விட்டுவிடாதே. வட்டம் மறைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் இன்னும் இரண்டு வாரம் தடவு. சோப்புப் போட்டுத் தேய்க்க விடாதே. அவள் தோல் சீக்கிரம் ஆறட்டும், கழுத்தில் முடி முளைக்கட்டும், துண்டு இல்லாமல் வெளியே போய் விளையாடட்டும்.

அப்பாவுக்கும் அதே நோய்தானே, அப்பாவுக்கு ஊசி போட்டாங்களா என்று அவள் கேட்பாள். நிச்சயம் கேட்பாள். இல்லை, அப்பாவுக்குக் களிம்புதான் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடு. அதற்குப் பிறகு அவள் என்ன சொல்கிறாளோ, அதை ஒரு எழுத்துகூடக் குறைக்காமல் எனக்கு எழுது.

அவள் அப்பா