யாரும் கைதட்ட வேண்டாம்

ஜூலை 8, செவ்வாய்

மாலை வழக்கம்போலப் பள்ளி வாசலில் நின்றேன். பையை எப்போதும் வலது தோளில் மாட்டும் பேத்தி, இன்று இடது தோளில் மாட்டி வந்தாள். தெருமுனை திரும்பியதும்தான் வாய் திறந்தாள்.

"தாத்தா, கை ரொம்ப வலிக்குது."

மணிக்கட்டு வீங்கியிருந்தது. காலை இடைவேளையில் சறுக்குமரத்திலிருந்து விழுந்திருக்கிறாள். பள்ளி முடியும்வரை அந்தக் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். எழுதியும் இருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

எலும்பில் கீறல். மாவுக்கட்டு.

வீட்டில் அவளுக்குப் பெயரே கிலுக்கு. குலுக்காமலே சத்தம் வரும் கிலுகிலுப்பை. பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்றிருந்தோம். இரண்டாம் வகுப்பும் வந்துவிட்டது.

இன்று கை. நாளை கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால்? எங்காவது தீப்பிடித்தால்? இவள் கத்துவாளா?

ஜூலை 10, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டுப் பேசினார்.

"சார், நீங்களும் வாத்தியாரா இருந்தவர். உங்களுக்குத் தெரியாததா? வலிச்சாக்கூட சொல்லாத பிள்ளைய நாங்க எந்த தைரியத்துல வச்சுக்கறது? அரையாண்டு வரைக்கும் பாப்போம். இல்லன்னா நீங்க வேற ஸ்கூல்தான்..."

முடிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த சிறிய அறையைக் காட்டினார். 'மனநல ஆலோசகர்' என்று கதவில் பலகை. அந்தப் பக்கம் போகாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். நர்ஸ் அல்லவா, சிரித்துவிட்டாள். "கைக்குக் கட்டுப் போட ஒடனே ஓடினீங்க. இதுக்கு மட்டும் என்னப்பா பயம்?"

சிரித்தாளே தவிர, அவளும் சாப்பிடவில்லை.

ஜூலை 16, புதன்

ஆலோசகர் சின்னப் பெண். என் பழைய மாணவிகளைவிட வயது குறைவு.

"பிடிவாதம் இல்ல சார். பயம். பேசணும்னு நெனைக்கும்போதே தொண்டை பூட்டிக்குது."

வகுப்புகள் முடிந்தபின் அந்த அறையில் நானும் பேத்தியும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட வேண்டும். ஆலோசகர் வராந்தாவில் இருப்பார். அவள் என்னோடு அங்கே பேசத் தொடங்கினால் கதவு கொஞ்சம் திறக்கும். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு அவர் உள்ளே வருவார். பிறகு வகுப்பாசிரியை.

எனக்கு இரண்டு கட்டளை. கேள்வி கேட்கக் கூடாது. பேசினால் பாராட்டக் கூடாது.

வாழ்நாள் முழுக்க இந்த இரண்டையும்தான் செய்து சம்பளம் வாங்கினேன்.

ஜூலை 21, திங்கள்

அரை மணி நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். என்னை அறியாமல், "இது என்ன கலர்?" என்று கேட்டுவிட்டேன். வராந்தாவில் ஆலோசகர் இருமினார்.

ஜூலை 28, திங்கள்

மரக்கட்டைகளால் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அவள் ஒற்றைக் கையால், நான் இரண்டு கையால். அவளுடையதுதான் உயரம்.

"உங்க வீடு சாயுது தாத்தா."

கிசுகிசுப்புதான். ஆனால் பள்ளிக்குள்!

"ஆமா, சாயுது" என்றேன், நிமிராமல். அடுத்த கட்டையை எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆலோசகர் உள்ளே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ வெட்டி ஒட்டுகிறார். கிலுக்கு பேசுகிறாள். நத்தையைப் பார்த்திருப்போமே, கொம்பு வெளியே நீண்டிருக்கும், விரல் பட்டால் போச்சு. நான் தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வகுப்பாசிரியை வாசல்வரை ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"சார்! பேர் கூப்பிட்டப்ப உங்க பேத்தி 'உள்ளேன்'னு சொல்லிட்டா! சத்தமா இல்ல, ஆனா எனக்குக் கேட்டுச்சு. மொத்த கிளாசும் எழுந்து நின்னு கைதட்டினோம் சார்!"

பாராட்டக் கூடாது என்று இவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பேத்தி சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

தெருமுனை திரும்பினோம். பேசவில்லை. வீடு வந்தது. பேசவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டிலும் பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறாள். மகள் வேலைக்குப் போகவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கா கேட்காது?

இத்தனை நாள் வெளியே மட்டும்தான் பூட்டு. இப்ப எங்களையும் சேத்துப் பூட்டிட்டாளே. இது இப்படியே நின்னுட்டா? யாரக் கேக்கறது?

ஆகஸ்ட் 14, வியாழன்

வகுப்பாசிரியை மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இனிப்பே வாங்கிக் கொடுத்திருப்பேன். நன்றாகச் செய்த பிள்ளைக்குக் கைதட்டல், வாத்தியார் கைக்கு வேறென்ன தெரியும்?

"எல்லாக் கண்ணும் ஒரே நேரத்துல அவமேல விழுந்துடுச்சு சார். அதுக்குப் பயந்துதானே இத்தனை நாள் வாயத் தெறக்கல" என்றார் ஆலோசகர். "திரும்பக் கதவச் சாத்துவோம்."

"மொதல்லேருந்தா?"

"மொதல்லேருந்துதான். இந்தத் தடவ டீச்சருக்கும் சேத்துப் பாடம்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

"தாத்தா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். மகள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். தோள்கள் குலுங்கின.

செப்டம்பர் 9, செவ்வாய்

இப்போது வகுப்பாசிரியையும் அறைக்கு வருகிறார். முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்சில் சீவுகிறார். வெளியே வந்ததும் என்னிடம், "சும்மா இருக்கறது இவ்ளோ கஷ்டமா சார்? ஒரு பெட்டி பென்சிலும் தீந்துபோச்சு" என்றார்.

சிரித்தேன். காலாண்டு வந்துவிட்டது, அரையாண்டுவரைதான் கெடு. வகுப்பில் இன்னும் ஒரு சொல் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

முற்பகலில் தொலைபேசி. பள்ளி எண். விழுந்துவிட்டாளா? எதில் மாட்டிக்கொண்டாள்? கடைசி மணியில்தான் எடுத்தேன்.

மறுமுனையில் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும். தூரத்தில் வகுப்பாசிரியை வேறு யாரிடமோ வேண்டுமென்றே உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நான் "யாரு?" என்று கேட்கவில்லை. காத்திருந்தேன்.

"தாத்தா. எனக்கு வயிறு வலிக்குது. டீச்சர்ட்ட சொன்னேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

"வரேன்" என்றேன்.

வழியில் வாந்தி எடுத்தாள். காய்ச்சலும் இருக்கிறது. தூங்குகிறாள். மகள் வேலையிலிருந்து ஓடி வந்தாள்.

"யாருப்பா போன் பண்ணினது? டீச்சரா?"

"இல்ல. அவதான்."

மகள் தெர்மாமீட்டரை எடுத்தாள். காய்ச்சல் எவ்வளவு என்று இன்னொரு தடவை பார்த்தாள்.